பாலகரும் காப்பாளரும்: புனேயிலும் தஞ்சையிலும் இரு வரலாறுகள்

முன்னுரை

தன்னையும் தன் பொருளையும் தானே பேணிக்கொள்ள இயலாத ஒருவருக்காக மற்றொருவர் அப்பொறுப்பை ஏற்பதே காப்பாளர் நிலை எனப்படும். தந்தையை இழந்த சிறார், அறிவுத்திறன் குன்றியோர், நோயால் நினைவிழந்து கிடப்போர் ஆகியோர்பொருட்டு இன்று நீதிமன்றங்களில் காப்பாளர் நியமனம் கோரும் மனுக்கள் அளிக்கப்படுகின்றன. இம்மனுக்களை விசாரிக்கும் நீதிபதி காப்பாளராக வருபவர் யார், உடைமையின்மேல் அவருக்கு நாட்டம் உண்டா, அவர் யாருக்குக் கணக்குக் காட்டுவார், அவர் பொறுப்பு எப்போது முடியும் என்று கேட்கின்றார். இவ்வினாக்கள் சட்டநூல்களில் தோன்றியவை அல்ல. வரலாற்றில் பலர் பட்ட துன்பத்திலிருந்து எழுந்தவை.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிக் கால்பகுதியில் மராத்தியர் ஆட்சிக்குட்பட்ட இரு தலைநகரங்களில் ஏறத்தாழ ஒரே காலத்தில் இச்சிக்கல் எழுந்தது. புனேயில் பேசுவா சவாய் மாதவராவும் தஞ்சையில் இளவரசர் சரபோஜியும் சிறுவயதிலேயே பதவிக்குரியோராயினர். இருவரைச் சுற்றியும் காப்பாளர் அமைந்தனர். இருவர் வாழ்வும் வெவ்வேறு வகையில் முடிந்தன. இவ்விரு நிகழ்வுகளையும் ஒப்புநோக்கி, காப்பாளரின் நற்பண்பு ஒன்றே காக்கப்படுபவருக்குப் போதிய அரண் ஆவதில்லை என்பதனை நிறுவ இக்கட்டுரை முற்படுகின்றது.

தமிழ் மரபும் வடமொழி அறநூல்களும்

ஆதரவற்ற சிறாரைக் காக்கும் கடமை தமிழ் மரபில் நெடுங்காலமாக அறியப்பட்டதாகும். பாரி மாய்ந்தபின் அவன் மகளிர் இருவரையும் அழைத்துக்கொண்டு கபிலர் விச்சிக்கோவிடமும் இருங்கோவேளிடமும் சென்ற செய்தியைப் புறநானூற்றுப் பாடல்களும் அவற்றின் அடிக்குறிப்புகளும் தெரிவிக்கின்றன. கபிலர் அம்மகளிர்க்குக் குருதியுறவினர் அல்லர், தந்தையின் நண்பர். அவர்களிடம் உடைமை ஏதும் எஞ்சியிருக்கவில்லை. பறம்பு பகைவர் கையில் இருந்தது. எனவே அக்காப்பில் ஆதாயத்திற்கு இடமே இல்லை. மணம்பேசும் முயற்சி கைகூடாத நிலையில் அவர்களைப் பார்ப்பாரிடம் ஒப்படைத்த பின்னரே கபிலர் வடக்கிருந்தார். தன் உயிரைத் துறக்குமுன் தன் பொறுப்பை வேறொருவரிடம் சேர்த்தார் என்பது இங்கு நோக்கத்தக்கது. இளமையில் இடருற்ற கரிகாலனுக்கு மாமன் இரும்பிடர்த்தலையார் துணைநின்றார் என்னும் மரபும் இத்துடன் ஒருங்கு வைத்து எண்ணத்தக்கதாகும்.

உடைமையுள்ள சிறுவர் நிலை இதனின் வேறானது. கௌடிலியரின் அர்த்தசாத்திரம் சிறுவரின் பொருளை அவர் உரிய வயதெய்தும்வரை ஊர்ப் பெரியோர் பேணி வளர்த்தல் வேண்டும் என்கிறது. சிறுவர் கல்வி முடித்துத் திரும்பும்வரையோ, இளமைப் பருவம் கடக்கும்வரையோ அவர் சொத்தை அரசன் காக்க வேண்டும் என்பது மனுநூலின் விதி. இரண்டும் காப்பை நெருங்கிய உறவினரிடம் விட்டுவிடாமல் ஊருக்கோ அரசுக்கோ உரிய பொறுப்பாகக் கருதுகின்றன. காப்பு முடியும் எல்லையையும் இரண்டும் குறிக்கின்றன. ஆயினும் அரசனே சிறுவனாக இருக்கும்போது அவனைக் காக்கும் அரசன் யார் என்னும் வினாவிற்கு இவ்விதிகளில் நேரான விடை இல்லை. புனேயில் எழுந்தது அவ்வினாவே.

புனே: பிறக்குமுன்பே தொடங்கிய காப்பு

பேசுவா முதலாம் மாதவராவ் 1772 நவம்பரில் புனேக்கு அருகிலுள்ள தேவூரில் காலமானார். அவருக்குப்பின் தம்பி நாராயணராவ் பதவியேற்றார். பதினெட்டு வயதே நிரம்பிய நாராயணராவ் 1773 ஆகஸ்டு 30 அன்று சனிவார் வாடா அரண்மனைக்குள்ளேயே கார்டி எனப்பட்ட காவற்படையினரால் கொல்லப்பட்டார். சிற்றப்பன் இரகுநாதராவ்மீது பழி விழுந்தது. பேசுவா அரசின் தலைமை நீதிபதியாயிருந்த இராமசாஸ்திரி பிரபுணே அவரைக் குற்றவாளியென்று கண்டு, அவர் ஆட்சியில் பணியாற்ற மறுத்துப் புனேயை விட்டு நீங்கினார்.

சிற்றப்பன் என்னும் உறவுமுறையில் இரகுநாதராவே குடும்பத்தின் மூத்தவர். இயல்பான காப்பாளரும் ஆவார். ஆனால் சிறுவர் இல்லாவிடின் பதவி சேர வேண்டியதும் அவருக்கே. காக்க வேண்டிய கையும் கவரக்கூடிய கையும் ஒன்றாக இருந்த நிலை இது. நாராயணராவின் மனைவி கங்காபாய் அப்போது கருவுற்றிருந்தார். நானா பட்னவிஸ், சகாராம் பாபு, ஹரிபந்த் பட்கே முதலியோர் ஒன்றுகூடி, கருவிலிருக்கும் குழந்தையின் உரிமையைக் காக்கும் குழுவாக அமைந்தனர். பன்னிரு உடன்பிறப்பினர் என்னும் பொருள்படப் 'பாரபாயி' எனப்பட்ட இக்குழு, கங்காபாயைப் புரந்தர் கோட்டைக்குக் கொண்டுசென்று பாதுகாத்து, அவர் பெயரால் ஆட்சியை நடத்தியது. 1774 ஏப்ரல் 18 அன்று ஆண் குழந்தை பிறந்தது. பிறந்து ஏறத்தாழ நாற்பது நாளில் அக்குழந்தை சவாய் மாதவராவ் என்னும் பெயரில் பேசுவாவாக அறிவிக்கப்பட்டது. பேசுவாவுக்குரிய உடைகள் சாத்தாராவிலிருந்த சத்ரபதியிடமிருந்து பெறப்பட்டன. ஆனால் சத்ரபதியே அன்று அதிகாரமின்றிக் காவலுக்குட்பட்டு வாழ்ந்தவர். எனவே அவரால் இக்காப்பாளர் குழுவைக் கண்காணிக்க இயலவில்லை.

இரகுநாதராவ் ஆங்கிலேயரின் உதவியை நாடினார். 1775 மார்ச்சில் சூரத்து உடன்படிக்கை வழியாகச் சால்செட், வசாய் ஆகிய பகுதிகளைத் தருவதாக ஒப்புக்கொண்டு பம்பாய் அரசின் படையுதவியைப் பெற்றார். முதலாம் ஆங்கிலேய மராத்தியப் போர் இவ்வாறு தொடங்கியது. 1776-இல் புரந்தர் உடன்படிக்கையும், 1779 சனவரியில் வட்காவில் ஆங்கிலப்படை பணிந்த நிகழ்ச்சியும், 1782-இல் சால்பாய் உடன்படிக்கையும் தொடர்ந்தன. சால்பாய் உடன்படிக்கையில் ஆங்கிலேயர் சவாய் மாதவராவையே பேசுவாவாக ஏற்றனர். இரகுநாதராவ் உதவித்தொகையுடன் ஒதுங்க நேர்ந்தது. ஒரு குழந்தையின் உரிமைக்காக எட்டாண்டுகள் போரிட்டு அதனை நிலைநாட்டிய காப்பாளர் என்னும் பெருமை நானா பட்னவிசைச் சாரும். அவர் அப்பதவியைத் தமக்கென்று கவரவில்லை என்பதையும் மறுக்க இயலாது.

முடிவெல்லை இல்லாத காப்பு

எனினும் நிகழ்ச்சிகளின் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். தாய் கங்காபாய் 1777-இல் மறைந்தார். சகாராம் பாபு 1779-இல் சிறைப்பட்டார். பன்னிருவர் என்ற பெயரோடு தொடங்கிய குழு நாளடைவில் நானா ஒருவரின் ஆட்சியாகச் சுருங்கிற்று. பலர் கூடிய காப்பில் ஒருவரையொருவர் வினவும் வாய்ப்பு இருந்தது. ஒருவராகச் சுருங்கியபோது அவ்வாய்ப்பு அகன்றது. பட்னவிஸ் என்பது அரசின் கணக்குப் பொறுப்பைக் குறிக்கும் பதவிப்பெயராகும். நாடு முழுமையின் கணக்கையும் கேட்டவர் அவர். காப்பாளர் என்னும் முறையில் அவரிடம் கணக்குக் கேட்கத்தக்கவர் எவரும் இலர்.

அறநூல் உரைகாரர்களை ஒட்டிய வழக்கில் பதினாறாம் வயதோடு இளமைப் பருவம் முடிவதாகக் கொள்வர். அவ்வகையில் 1790-இல் சவாய் மாதவராவின் காப்பு முடிந்திருத்தல் வேண்டும். ஆனால் அதற்குப் பின்னும் அரசு நடவடிக்கைகள் நானாவின் கையிலேயே இருந்தன. 1792-இல் ஆங்கில ஓவியர் ஜேம்ஸ் வேல்ஸ் புனேயில் தீட்டிய ஓவியத்தில் இளம் பேசுவாவும் நானாவும் அருகருகே காணப்படுகின்றனர். பேசுவாவைத் தனித்து எண்ண இயலாத நிலையை அவ்வோவியமும் உணர்த்துகின்றது எனலாம்.

இரகுநாதராவின் மகன் பாஜிராவ் அப்போது நானாவின் காவலில் இருந்தார். அவரோடு இளம் பேசுவா மறைவாகக் கடிதத் தொடர்பு கொண்டதை நானா அறிந்து கடிந்தார் என்றும், அதனால் பேசுவா மனமுடைந்தார் என்றும் கிராண்ட் டஃப் 1826-இல் வெளியிட்ட மராத்தியர் வரலாற்றில் எழுதினார். 1795 அக்டோபர் 25 அன்று சவாய் மாதவராவ் சனிவார் வாடாவின் மேன்மாடத்திலிருந்து வீழ்ந்து இரு நாளில் உயிர்நீத்தார். அவர் தாமே வீழ்ந்தார் என்போரும், காய்ச்சலின் மயக்கத்தில் தவறி வீழ்ந்தார் என்போரும் உளர். எது உண்மையாயினும், இருபத்தோராம் வயதில் இறந்த அம்மன்னர் ஒருநாளேனும் பிறர் காப்பினின்று விடுபட்டு ஆண்டார் என்று கூறுதற்கில்லை. காக்கப்பட்டவர் தம் காப்பாளரிடமிருந்து விடுதலை கோரத்தக்க ஓர் இடம் புனேயில் அன்று இல்லை.

தஞ்சை: மாறிமாறி அமைந்த காப்பாளர்

புனேயில் சவாய் மாதவராவ் வளர்ந்துவந்த அதே காலத்தில் தஞ்சையில் இதனையொத்த நிலை உருவாயிற்று. தஞ்சை மராத்திய மன்னர் துளஜாஜி தம் மக்களை இழந்த நிலையில், போன்சலே குலத்துச் சிறுவராகிய சரபோஜியை 1787 சனவரியில் மகன்மை ஏற்றார். 1777 செப்டம்பரில் பிறந்த சரபோஜிக்கு அப்போது பத்து வயது நிரம்பவில்லை. நோயுற்றிருந்த துளஜாஜி, டென்மார்க்கு நாட்டு அரசின் ஆதரவிலமைந்த தரங்கம்பாடித் திருப்பணி வழியே தமிழகம் வந்து தஞ்சையில் வாழ்ந்த செருமானியப் பாதிரியார் சுவார்ட்சிடம் சிறுவரின் காப்புப் பொறுப்பை ஏற்குமாறு வேண்டினார். சுவார்ட்சு அதனைத் தாம் ஏற்காமல், மன்னரின் தம்பி அமர்சிங்கிடம் ஒப்படைக்குமாறு கூறினார் என அறியமுடிகின்றது. உறவினரே காக்க வேண்டும் என்னும் நல்லெண்ணத்தில் பிறந்த அறிவுரை அது. ஆனால் சிறுவரின் உரிமை நீங்கினால் அரசு சேர்வது அமர்சிங்குக்கே என்பதனை அவ்வறிவுரை கருத்திற் கொள்ளவில்லை. இரகுநாதராவ் நின்ற இடத்தில் இங்கு அமர்சிங் நின்றார்.

துளஜாஜி மறைந்ததும் அமர்சிங் மகன்மை ஏற்பே செல்லாது என வழக்காடினார். சென்னை ஆளுநர் ஆர்ச்சிபால்டு காம்ப்பெல் சாத்திரம் வல்ல பண்டிதர் பன்னிருவரின் கருத்தைக் கேட்டார். சரபோஜி தம் தந்தைக்கு ஒரே மகன், மகன்மை ஏற்பிற்குரிய வயதைக் கடந்தவர் என்பன போன்ற காரணங்களால் அவ்வேற்பு செல்லாதென முடிவாயிற்று, அமர்சிங் அரியணையேறினார். காப்பாளரே உரிமையாளராக மாறிவிட்டார். சரபோஜி அரண்மனைக் காவலில் உரிய கல்வியின்றி வைக்கப்பட்டார். அவர் படும் துன்பங்களைச் சுவார்ட்சு சென்னை அரசுக்கு மீண்டும் மீண்டும் தெரிவித்தார். முன்னர் மறுத்த பொறுப்பைப் பின்னர்த் தாமே ஏற்றார். 1793-இல் சரபோஜியும் துளஜாஜியின் மனைவியரும் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டனர். அங்குச் செரிக்கே பாதிரியாரின் மேற்பார்வையில் சரபோஜியின் கல்வி தொடர்ந்தது. மகன்மை ஏற்புப் பற்றிய வினா மீளாய்வு செய்யப்பட்டு அவருக்குச் சார்பாக முடிந்தது. சுவார்ட்சு 1798 பிப்ரவரியில் மறைந்தார். அவ்வாண்டு சூன் இறுதியில் சரபோஜி அரியணையேறினார். அமர்சிங் உதவித்தொகை பெற்றுத் திருவிடைமருதூரில் வாழ்ந்தார்.

புனேயில் இல்லாத ஒன்று தஞ்சையில் இருந்தது. காப்பாளர்மீது முறையிடவும், முடிவை மீளாய்வு செய்விக்கவும் ஓர் இடம் இருந்தது. சரபோஜியை மீட்டது அதுவே. ஆயின் அவ்விடம் தன்னலமற்றதன்று. 1799 அக்டோபரில் ஏற்பட்ட உடன்படிக்கையால் தஞ்சை நாட்டின் ஆட்சியதிகாரம் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சென்றது. கோட்டையும் அதனைச் சார்ந்த சிறுபகுதியும், ஆண்டுக்கு ஓர் இலட்சம் நட்சத்திரப் பகோடாவும், நிகர வருவாயில் ஐந்திலொரு பங்கும் மன்னருக்கு எஞ்சின. சிறுவரைச் சிற்றப்பனிடமிருந்து மீட்ட கை, அவர் வளர்ந்ததும் நாட்டை எடுத்துக்கொண்டது. சரசுவதி மகால் நூலகத்தைப் பெருக்கி, 1832-இல் மறையும்வரை கல்விக்கும் மருத்துவத்திற்கும் அரும்பணி ஆற்றிய சரபோஜியின் வாழ்வு ஆட்சியை இழந்த மன்னரின் வாழ்வேயாகும். தஞ்சைக் கிறித்தவத் தேவாலயத்தில் சிற்பி பிளாக்சுமன் வடித்த பளிங்குச் சிற்பத்தில், இறுதிப் படுக்கையில் கிடக்கும் சுவார்ட்சின் கையைச் சரபோஜி பற்றி நிற்கின்றார். காப்பாளரிடம் காக்கப்பட்டவர் கொண்ட அன்பு அதில் உண்மையானதே. ஆனால் சுவார்ட்சின் அன்பும் கம்பெனியின் கணக்கும் வேறுவேறானவை.

வரலாறு சட்டமாதல்

இவ்விரு நிகழ்வுகளையும் ஒப்புநோக்கின் மூன்று கூறுகள் புலனாகின்றன. காப்பாளருக்குக் காக்கப்படுபவரின் உடைமையில் எதிர்நலன் இருத்தலாகாது. அவரிடம் கணக்குக் கேட்க நடுநிலையான ஒருவர் வேண்டும். காப்பு முடியும் நாள் வரையறுக்கப்படல் வேண்டும். புனேயில் முதற்கூறு நிறைவேறியது; ஏனைய இரண்டும் இல்லை. தஞ்சையில் முதற்கூறு பிழைத்தது. இரண்டாவது குறையுடன் அமைந்தது.

சென்னை மாகாணத்தில் 1804-ஆம் ஆண்டின் ஐந்தாம் ஒழுங்குமுறைச் சட்டம் காப்புரிமை மன்றத்தை ஏற்படுத்தியது. 'கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்' எனப்பட்ட அது, சமீன்தார் மைனராக இருக்கும் காலத்தில் அச்சமீனை அரசே நிருவகிக்க வழிசெய்தது. 1875-ஆம் ஆண்டின் வயதுச் சட்டம் பதினெட்டை உரிமை வயதாக வகுத்தபோதும், நீதிமன்றம் காப்பாளரை நியமித்த மைனருக்கும் காப்புரிமை மன்றத்தின்கீழ் இருந்த மைனருக்கும் அதனை இருபத்தொன்றாக உயர்த்தியது. 1868-இல் பிறந்த இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி, 1873 முதல் மன்றத்தின்கீழிருந்த தம் சமீனை 1889-இலேயே கைக்கொள்ள முடிந்தமைக்கு இதுவே காரணம். இம்மூன்றாண்டு வேறுபாடு 1999-ஆம் ஆண்டின் திருத்தத்தால்தான் நீங்கியது.

1890-ஆம் ஆண்டின் காப்பாளர், காக்கப்படுவோர் சட்டம் மேற்கண்ட மூன்று கூறுகளையும் விதிகளாக்கியது. காப்பாளரின் பண்பு, உறவு, மறைந்த பெற்றோரின் விருப்பம் ஆகியவற்றுடன், பகுத்தறியும் வயதுற்ற சிறுவரின் விருப்பத்தையும் நீதிமன்றம் நோக்கலாம். நீதிமன்றம் நியமித்த காப்பாளர் அதன் அனுமதியின்றி மைனரின் அசையாச் சொத்தை விற்கவோ அடகு வைக்கவோ ஐந்தாண்டுக்கு மேற்பட்டுக் குத்தகைக்கு விடவோ இயலாது. கடமைக்கு மாறான நலன் உடையவரை நீக்கலாம். இவ்விதிகளைப் படிப்போருக்கு அமர்சிங்கின் நினைவு வராமல் போகாது. 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர், காப்பாளர் சட்டம் சிறுவரின் நலனே தலையாயது என்றது. தந்தைக்குப் பின்னரே தாய் என்றிருந்த அச்சட்டத் தொடருக்கு, தந்தை உயிரோடிருக்கும்போதும் அவர் பொறுப்பேற்காத நிலையில் தாய் காப்பாளர் ஆகலாம் என்று உச்ச நீதிமன்றம் 1999-இல் எழுத்தாளர் கீதா ஹரிஹரன் வழக்கில் பொருள்கொண்டது.

மைனருக்கு வயது நிரம்பும் நாள் உண்டு. அறிவுத்திறன் குன்றிய பெரியவருக்கு அந்நாள் இல்லை. எனவே சவாய் மாதவராவின் நிலை அவர்களுக்கே மிகவும் பொருந்தும். இதற்கும் புனேயே சான்று தருகின்றது. புனே மாவட்டத்துச் சிரூரில் அரசு நடத்திய இல்லத்தில் வாழ்ந்த அறிவுத்திறன் குன்றிய பெண்கள் சிலருக்கு 1994 பிப்ரவரியில் புனேயின் சசூன் மருத்துவமனையில் கருப்பை அகற்றும் அறுவை செய்யப்பட்டது. பெண்கள் அமைப்புகளின் எதிர்ப்பால் அம்முயற்சி நிறுத்தப்பட்டது. அங்குக் காப்பாளர் அரசு, கண்காணிப்பவரும் அரசே. அறுவைக்குட்பட்ட பெண்கள் தம் மறுப்பைத் தெரிவிக்கத்தக்க இடம் அவர்களுக்கு இருக்கவில்லை. 2009-இல் சண்டிகரில் அரசு இல்லத்தில் வாழ்ந்த ஒரு பெண்ணின் வழக்கில், அவர் விருப்பத்திற்கு மாறாகக் கருவைக் கலைத்தல் கூடாதென உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், உரியவரின் இசைவின்றி மகப்பேற்றுத் திறனை இழக்கச்செய்யும் மருத்துவ முறைக்கு அவரை உட்படுத்தல் கூடாது என வெளிப்படையாக விதித்தது.

அச்சட்டம் முழுக்காப்புக்கு மாறாக வரம்புடைய காப்பை முதன்மைப்படுத்துகின்றது. குறிப்பிட்ட முடிவுக்கும் குறிப்பிட்ட காலத்திற்கும் மட்டுமே அது உரியது. காக்கப்படுபவரின் விருப்பத்தை அறிந்து இருவரும் சேர்ந்தே முடிவெடுத்தல் வேண்டும். மதியிறுக்கம், பெருமூளை வாதம் முதலிய நிலையுடையோருக்கு 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு காப்பாளரை நியமிக்கின்றது. கோமா நிலையில் கிடப்போருக்கெனத் தனிச்சட்டம் இயற்றப்படாமையால், அவர்தம் குடும்பத்தினர் உயர் நீதிமன்றங்களை அணுகி ஆணை பெறுகின்றனர்.

நிறைவுரை

இரகுநாதராவும் அமர்சிங்கும் உறவால் காப்பாளர், நலனால் எதிரிகள். நானா பட்னவிஸ் நலனால் எதிரி அல்லர்; ஆயினும் தம் காப்பை முடித்துக்கொள்ள அறியாதவர். கம்பெனி முறையீட்டைக் கேட்டது. கேட்டதற்கு விலையும் பெற்றது. இவருள் எவரையும் முற்றும் நல்லவர் என்றோ தீயவர் என்றோ வகுத்துவிடுவதால் பயனில்லை. காக்கப்படுபவர் பேசுதற்கும், அவர் பேச்சு செவியேறுதற்கும் இடம் இருந்ததா என்பதே கேட்கத்தக்கது. பாரி மகளிரைக் கபிலர் தம் கையிலேயே வைத்திருக்க எண்ணாமல் தக்க இடம் தேடி அலைந்தார். காப்பின் நோக்கம் காப்பினின்று விடுவித்தலே என்பதனை அச்செயல் காட்டுகின்றது. நீதிமன்றத்தில் காப்பாளர் பொறுப்பை வேண்டி நிற்கும் ஒவ்வொருவரும், எத்துணை அன்புடையவராயினும், அதனை ஒருநாள் திருப்பித் தர வேண்டியவர் என்பதை மறத்தலாகாது.